உளுந்து சொன்ன சாட்சி

அத்தியாயம் 6

"இந்தத் தாளைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள் பிரியம்வதா.

"அரை அப்பளம்," என்றான் இஸ்மாயில்.

சகுந்தலா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு மனப்பாடம். வாயை மூடிக்கொண்டான். ஆனாலும் தான் சொன்னதில் தப்பே இல்லை என்றுதான் அவனுக்குப் பட்டது. மேஜை மேல் ஒரு கண்ணாடித் தட்டு. அதில், வட்டமாக இருந்து பாதியாக வெட்டப்பட்ட வெள்ளைத் தாள். பொரிக்காத அப்பளம் என்று சத்தியம் செய்தால் யாரும் நம்புவார்கள்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகள் கடகடக்கும் ஒரு மாடி அறைதான் சகுந்தலாவின் துப்பறியும் அலுவலகம். தூத்துக்குடித் துறைமுகத்தில் விஜிலன்ஸ் பிரிவில் சேர்ந்து, கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றலாகி, மேலதிகாரி ஒருவரின் மைத்துனனையே பிடித்துக் கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு என்று மரியாதையாக வெளியே அனுப்பப்பட்டவள். அவளுடைய உதவியாளன் இஸ்மாயில் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அப்பா காயல்பட்டினத்துக்காரர், சாந்தினி பஜாரில் குடைக்கடை. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, சகுந்தலாவிடம் வசவு என்று மூன்று மொழியில் வளர்ந்த பிள்ளை.

பிரியம்வதா சிரிக்கவில்லை. லேக் கார்டன்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. கண்ணுக்குக் கீழே கருவளையம். தூங்கி நாளாகியிருக்க வேண்டும்.

"மனுஷங்க எந்தக் காத்தை இழுக்கறாங்கன்னு தெரியணும்னா, தெருமுனையில மெஷின் வெச்சுப் பிரயோஜனம் இல்ல மேடம். ஆள் மேலயே மாட்டணும்," என்றாள். "சோப்புப் பெட்டி சைஸ்ல ஒரு பம்பு. அதை இடுப்புல கட்டிக்கணும். அதுலேருந்து ஒரு குழாய் சட்டைக் காலர்கிட்ட வரும். குழாய் வாயில ஒரு மூடி, மூடிக்குள்ள இந்தத் தாள். அவங்க மூச்சுல இழுக்கற காத்தை இதுவும் இழுக்கும். நுரையீரல்ல என்ன படியுமோ அது தாள்ல படியும். பெஹாலாவுல ஒரு சந்து. பின்னாடியே நரேன் பாபுன்னு ஒருத்தரோட ஷெட். பழைய பேட்டரியை உடைச்சு காரீயம் உருக்கறாங்க. சந்துல இருக்கற எல்லா வீட்டு அம்மாங்களுக்கும் பம்பு கட்டினேன். எல்லாத் தாளும் கரியாத் திரும்பி வந்தது, எல்லாத்துலயும் காரீயம். இது ஒண்ணுதான் வெள்ளை. பாதியை வெட்டி லேப்ல பாத்தாச்சு, காரீயமே இல்லை. ஷெட்டுக்கு ஒட்டின வீடு!"

"அந்த வீட்ல யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள் சகுந்தலா.

"அதுதான் மேடம் கொடுமை. அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான் சந்துலயே மோசம். பாப்பான்னு கூப்பிடுவாங்க, அஞ்சு வயசு. ரத்தத்துல காரீயம் அவ்ளோ இருக்கு. ரெண்டு தடவை ஆஸ்பத்திரில வெச்சு இறக்கினாங்க. வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஏறிடுது. இன்னொரு தடவை ஏறினா வலிப்பு வரும், மூளை தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்." அவள் குரல் உடைந்தது. "விசாரணைக் கமிட்டியில நரேனோட வக்கீல், இந்த வெள்ளைத் தாளைக் காட்டி, நான் பண்ணின ஆராய்ச்சியே பித்தலாட்டம்கிறார். எங்க டைரக்டர், ஷெட்காரன்கிட்ட காசு வாங்கிட்டு யாரோ தாளை மாத்திட்டாங்க, அது நீதானான்னு என்னையே கேக்கறார். வேலை போனாப் போகட்டும் மேடம். விஷம் எந்த வழியா வருதுன்னு தெரியாம அந்தக் குழந்தையை எப்படிக் காப்பாத்தறது?"

சகுந்தலா லென்ஸை எடுத்தாள். தாளை விட்டுவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கிடந்த மூடியைத்தான் புரட்டினாள். விளிம்பில் பிசுக்கென்று ஓர் எண்ணெய்க் கறை. கறையில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒன்று, சிவப்பாக ஒன்று.

"இஸ்மாயில், இது என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். "கறுப்பா இருக்கறது வெடிச்ச கடுகு. சிவப்பா இருக்கறது… பருப்பு மாதிரி இருக்கு மேடம்."

"உளுத்தம்பருப்பு. எண்ணெயில பொரிஞ்சது." சகுந்தலா லென்ஸைக் கீழே வைத்தாள். "பிரியம்வதா, அந்தச் சந்துல தமிழ்க் குடும்பம் எத்தனை?"

"அந்த ஒரு வீடுதான். மத்ததெல்லாம் பெங்காலி. ஏன்?"

"கடுகை எல்லாரும்தான் தாளிப்பாங்க. கூடவே உளுத்தம்பருப்பைப் போட்டுத் தாளிக்கறது நம்ம ஆளுங்கதான். மூடி அந்த வீட்ல இருந்த மூடி. தாளை மாத்தறவன் மூடியோடதான் மாத்தியிருப்பான். உள்ள இருந்த தாளும் அந்த வீட்டுத் தாள். யாரும் எதையும் மாத்தலை."

"அடேங்கப்பா! சாட்சிக் கூண்டுல உளுந்தை ஏத்தப் போறோமா?" என்றான் இஸ்மாயில். "அவங்க பேர் என்ன?"

"வித்யாலக்ஷ்மி. வீட்டுக்காரர் பார்த்தசாரதி, துறைமுகத்துல ஆபீசர். வாரம் முழுக்க ஹல்தியாவுல இருப்பார். சனி ஞாயிறுதான் வீடு."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. பம்போட பெல்ட் தோல்தானே? அவங்க மடியா சமைக்கறவங்க. தோலைக் கட்டிக்கிட்டு அடுப்பாண்ட போவாங்களா? அடுப்பங்கரை ஆணியில மாட்டிட்டு அவங்க பாட்டுக்கு வேலையைப் பாத்திருப்பாங்க. பம்பு ஆணி விட்ட மூச்சை அளந்திருக்கு."

பிரியம்வதா வாயைப் பிளந்தாள். இத்தனை படிப்புப் படித்தும் அது அவளுக்குத் தோன்றவில்லை. சகுந்தலா ஹெல்மெட்டைத் தேடினாள். உதவியாளன் உருப்படியாக ஏதாவது சொல்லிவிட்டால் பாராட்டுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. உடனே கிளம்பிவிடுவாள்.

ஜனவரிக் குளிர். கல்கத்தாவே குரங்குக் குல்லாவுக்குள் ஒளிந்திருந்தது. தாராதலா தாண்டியதும் டிராம் தண்டவாளத்தில் ஸ்கூட்டர் வழுக்கி, இஸ்மாயில் அல்லாவையும் சகுந்தலா முருகனையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவர் காப்பாற்றினார்.

முதலில் ஷெட்டுக்குப் போனார்கள். தகரக் கூரை, உள்ளே மலை மலையாகப் பேட்டரிக் கூடுகள், அமில நெடி மூக்கைக் கிழித்தது. முகத்தில் துணி கட்டிய ஆட்கள் கையுறை இல்லாமல் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தை யார் அளப்பார்கள் என்று இஸ்மாயிலுக்குச் சுருக்கென்றது.

நரேன் பாபு கம்பளிச் சால்வையோடு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வில்லன் என்றால் மீசையாவது இருக்கும் என்று எதிர்பார்த்த இஸ்மாயிலுக்கு ஏமாற்றம். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார்.

"என்னைப் பாத்தா குழந்தைக்கு விஷம் வைக்கிறவன் மாதிரியா தெரியுது?" என்று வங்காளியில் பொரிந்தார். "மிஸ்டர் பார்த்தசாரதி சத்தம் போட்டார்னு புகைபோக்கியை அவ்வளவு உசரமா ஏத்தினேன். புகை அவங்க வீட்டைத் தாண்டிப் போயிடுது. வேணும்னா பாருங்க."

பார்த்தார்கள். புகை வித்யாலக்ஷ்மி வீட்டு மொட்டை மாடிக்கு மேலே எழும்பிப் போய், சந்தின் அந்தக் கோடியில் தலை கவிழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆக, அந்தக் கோடியில இருக்கறவங்க இந்தப் புகையை இழுத்தாப் பரவாயில்லையா அண்ணே?" என்றான் இஸ்மாயில்.

நரேன் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த பௌதிக்கு நான் ஒத்தாசைதான் பண்ணியிருக்கேன். கூடப் பிறந்த அண்ணன் மனைவி மாதிரி நினைச்சுப் பண்ணினேன். என்னன்னு கேக்காதீங்க. புருஷன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

வெளியே வந்ததும் இஸ்மாயில் விசிலடித்தான். "மேடம், விஷயம் விளங்கிருச்சு. அந்தக்கா கை நீட்டியிருக்காங்க. காசை வாங்கிட்டு, பம்பை ஆணியில மாட்டிட்டாங்க."

"நோயில கிடக்கறது அவ பெத்த பிள்ளைடா."

"அதான் எனக்கும் இடிக்குது," என்று ஒப்புக்கொண்டான்.

கதவைத் திறந்த வித்யாலக்ஷ்மிக்கு முப்பது வயது இருக்கலாம். பார்த்தால் நாற்பது சொல்லலாம். பிரியம்வதா ஏற்கெனவே எதிர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். "வாங்கோ மாமி, வாங்கோ," என்று சகுந்தலாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். மாமி என்ற சொல்லுக்கு சகுந்தலாவின் முகம் போன போக்கைப் பார்த்து, இஸ்மாயில் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. வீடு இருட்டாக இருந்தது. எல்லா ஜன்னல்களும் சாத்தி, இடுக்கில் பழந்துணி அடைத்து, மேலே பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கட்டிலில் கம்பளிக்குள் ஒரு குழந்தை. கண் மட்டும் பெரிதாக இருந்தது. பக்கத்தில் பொம்மைகள் தொடப்படாமல் கிடந்தன.

"ஒரு ஜன்னலைத் திறக்கறதில்லை மாமி. காத்து வரக்கூடாதுன்னு எல்லாத்தையும் அடைச்சுட்டேன். பாப்பா முன்னெல்லாம் மாடிப்படி ரெண்டு ரெண்டாத் தாவி ஏறுவா. இப்போ நடந்தா கால் மடிஞ்சு விழறா. நேத்திக்கு என் பேரைக் கேட்டேன், யோசிச்சுச் சொல்றா," என்று சொல்லி வித்யாலக்ஷ்மி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

சகுந்தலா நேரே விஷயத்துக்கு வந்தாள். "பிரியம்வதா குடுத்த பம்பை எங்கம்மா மாட்டி வெச்சிருந்தே?"

"மாட்டி வெச்சேனா? இடுப்பை விட்டு எடுக்கவே இல்லையே!"

"தோல் பெல்ட்டோடவா சமைச்சீங்க அக்கா?" என்றான் இஸ்மாயில்.

வித்யாலக்ஷ்மி உள்ளே போய் ஒரு துணி நாடாவைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மடித்து, பம்புக்கென்றே அளவாகத் தைத்த நாடா. "தோலை அவிழ்த்துட்டு இதைப் போட்டுண்டேன். தினம் நனைச்சு உலர்த்தின மடித்துணி. தூங்கறச்சே தலகாணிகிட்ட வெச்சுண்டேன். என் குழந்தை உசிர் சமாசாரம். நான் ஏமாத்துவேனா?"

இஸ்மாயிலின் ஆணிக் கதை ஆணியோடு கழன்று விழுந்தது. சகுந்தலா நாடாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"அப்போ தாள் சொன்னது நிஜம்," என்று மெல்லச் சொன்னாள். "இந்த வீட்டுக் காத்துல விஷம் இல்லை. புகை தலைக்கு மேல போயிடுது, மிச்சத்தை நீ ஜன்னலை அடைச்சு நிறுத்திட்டே. காத்துல வரலைன்னா வேற எப்படி வருது? குடிதண்ணி?"

"கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன். பிரியம்வதா அதையும் எடுத்துண்டு போய்ப் பாத்தா. தண்ணி, மண்ணு, சுவர்ல அடிச்ச பெயின்ட் எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டா."

"நரேன் பாபு உனக்கு என்ன ஒத்தாசை பண்ணினார்?"

வித்யாலக்ஷ்மியின் முகம் வெளிறிப்போனது. "அது… அது ஒண்ணுமில்லை மாமி. வேற சமாசாரம். எங்காத்துக்காரருக்குத் தெரிஞ்சா… முதல்ல சாப்பிடுங்கோ. வந்தவாளை வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது."

வேண்டாம் என்று சகுந்தலா மறுத்தும் அவள் கேட்கவில்லை. தட்டு போட்டாள். இஸ்மாயிலுக்கும் பக்கத்திலேயே போட்டாள். அவன் பெயரைக் கேட்ட பிறகும் அவள் கை தயங்கவில்லை என்பதை அவன் கவனித்தான். இந்த மாதிரி விஷயங்களை அவன் எப்போதும் கவனிப்பான், வெளியில் சொல்லமாட்டான். சோற்றைக் குழித்து, ஆவி பறக்க ரசத்தை ஊற்றினாள். மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்து வந்த வாசனையில், காலையிலிருந்து இரண்டு டீயோடு சுற்றிக்கொண்டிருந்த இஸ்மாயில் கிறங்கிப்போனான்.

பிசைந்து ஒரு வாய் போட்டான். மென்றான். நிறுத்தினான்.

"அக்கா, நீங்களும் பெங்காலி ஆயிட்டீங்களா?"

"ஏன்ப்பா?"

"இந்த ஊர்ல பருப்புல சர்க்கரை போடுவான், கறியில சர்க்கரை போடுவான். நீங்க ரசத்துலயே போட்டுட்டீங்களே! அடியில தித்திக்குது."

"சர்க்கரையா? போடலையே. வெல்லம்கூடப் போடற வழக்கமில்லை. பாப்பாவும் இதையேதான் சொல்வா, அம்மா ரசம் தித்திப்புன்னு. ஈயச் சொம்புல வெச்சா ஒரு தனி ருசி வரும். அதான்."

சகுந்தலாவின் கை பாதியில் நின்றது.

"இஸ்மாயில். துப்பு."

"மேடம்?"

"வாயில இருக்கறதைத் துப்புடா!"

அவளுக்கு இந்தக் குரல் உண்டு என்றே அவனுக்கு இதுவரை தெரியாது. ஓடிப்போய்த் துப்பினான். திரும்பி வந்தபோது சகுந்தலா அடுக்களைக்குள் நின்றாள். மேடைமேல் சின்னதாய், வெள்ளி மாதிரிப் பளபளவென்று இருந்த சொம்பைத் தூக்கினாள். தூக்கியவள் ஒரு கணம் தடுமாறி, மறு கையையும் கொடுத்தாள். அந்த அளவுச் சொம்புக்கு அது கனத்த கனம்.

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அதன் பின்பக்கத்தில் சொம்பின் விளிம்பை வைத்து ஒரு இழு இழுத்தாள்.

பென்சிலால் போட்ட மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"துறைமுகத்துல வெள்ளீயக் கட்டின்னு சொல்லிக் காரீயத்தைத் தள்ளிவிடுவாங்க," என்றாள் சகுந்தலா. யாருக்கும் சொல்லாத மாதிரி, தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டும் ஒரே நிறம்தான். கிடங்குல ஒரு காகிதத்தை எடுத்துத் தேய்ச்சுப் பாப்போம். வெள்ளீயம் எழுதாது. காரீயம் எழுதும். புளித்தண்ணியை ஊத்திக் கொதிக்க வெச்சா அது கரைஞ்சு இறங்கும். அதோட உப்புக்குத் தித்திப்பு உண்டு."

வித்யாலக்ஷ்மி சுவரோடு சாய்ந்தாள்.

"எங்கம்மா குடுத்தது மாமி. கல்யாணச் சீர். சுத்த வெள்ளீயம்."

"இதுவா?"

"அது… அது உருகிப் போயிடுத்து." வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "நவராத்திரிக்கு முன்னாடி. அடுப்பை ஏத்திட்டேன், புளித்தண்ணி விடலை. எதிர் வீட்டுக்கு ஊர்லேருந்து டிரங்கால் வந்தது, ஓடினேன். திரும்பி வந்து பாத்தா பர்னர் மேல பாதரசம் மாதிரி ஓடிண்டிருக்கு. ஈயச் சொம்பை வெறுமனே அடுப்புல வெக்கக் கூடாதுன்னு சின்னப் பொண்ணுக்குக்கூடத் தெரியும். கொலுவுக்கு மாமியார் வரா. வந்ததும் முதல்ல அதைத்தான் தேடுவா. 'ஒரு சொம்பைக் காப்பாத்தத் தெரியலை'ன்னு எங்கம்மாவை இழுத்துப் பேசுவா. பயந்துட்டேன் மாமி. வழிச்சு எடுத்த கட்டியைக் கொண்டுபோய் நரேன் பாபுகிட்ட குடுத்தேன். பக்கத்துல உலோகம் உருக்கறது அவர் ஒருத்தர்தானே. லேக் கார்டன்ஸ் ஜகதாம்பாள் மாமியோட சொம்பை மாதிரிக்கு வாங்கிண்டு வந்து காட்டினேன். மண்ணுல அச்சு எடுத்து அச்சு அசலா வார்த்துக் குடுத்துட்டார். காசுகூட வாங்கலை. பாதி எரிஞ்சு போச்சு, கட்டி போதலை, கொஞ்சம் நம்ம சரக்கைச் சேத்திருக்கேன்னார். எல்லாம் ஒரே வெள்ளையா இருந்தது. நான் என்னத்தைக் கண்டேன்?"

ஜன்னலை எல்லாம் அடைத்து, சந்தில் வேறு யாராலும் முடியாத அளவுக்கு நஞ்சை வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்த பெண், வாசல் வழியாக அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள். தெருவில் யாராவது சொல்லியிருந்தால் இஸ்மாயிலே சிரித்திருப்பான். இப்போது சொம்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாப்பாவுக்கு எப்போ ஆரம்பிச்சது?" என்றாள் சகுந்தலா.

"தீபாவளி சமயம். வயத்தை வலிக்கறதுன்னா."

"ஆஸ்பத்திரியில என்ன சாப்பிட்டா?"

"பாலும் ரொட்டியும். வெளிச் சாப்பாடு கூடாதுன்னுட்டா அங்கே. அங்க இருந்தா தேறறா, ஆத்துக்கு வந்தா படுத்துக்கறா. அதனாலதான் இந்த ஆத்துக் காத்துன்னு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். அவள் கண்கள் சொம்புக்குப் போய், கட்டில் இருந்த அறைக்குப் போய், திரும்பச் சொம்புக்கே வந்தன. "வேற எதுவும் உள்ள போறதில்லை மாமி. லேசான ஆகாரமாக் குடுங்கோன்னு டாக்டர் சொன்னார். காலம்பற, மத்தியானம், ராத்திரி ரசஞ்சாதம்தான். முடியலைன்னு படுத்துண்டா ரசத்தை மட்டும் டம்ளர்ல விட்டு, தலையைத் தூக்கிப் பிடிச்சுண்டு…"

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"நானா?" என்றாள்.

சகுந்தலா யாரிடமும் பொய் சொல்லி இஸ்மாயில் பார்த்ததில்லை. சொந்த அண்ணனுக்கு எதிராகவே சாட்சி சொன்னவள். அவள் இப்போது வித்யாலக்ஷ்மியின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "சொம்பு, வித்யா. நீ இல்லை. சொம்பு."

"சொம்பு தானா ஊட்டிவிடாது மாமி."

சகுந்தலா அவள் தோளில் கை வைக்கப் போனாள். வித்யாலக்ஷ்மி விலகிக்கொண்டாள். பிறகு, எங்கிருந்து அந்தத் திடம் வந்ததோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எழுதுங்கோ. பிரியம்வதா விசாரணைக்குக் குடுக்கற பேப்பர்ல என் பேரைப் போட்டே எழுதுங்கோ. அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. ஆத்துக்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன். மாமியார்கிட்டயும் சொல்லிக்கறேன். இந்த ஊர்ல நம்மவா எத்தனை பேராத்துல சொம்பு உருகியிருக்குமோ, வெளியில சொல்லாம இங்கயே எங்கயாவது வார்த்து வாங்கி வெச்சிருப்பாளோ, யாருக்குத் தெரியும்? எல்லாராத்துலயும் காகிதத்துல கோடு போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ."

சகுந்தலா தலையை ஆட்டினாள். முனைக் கடை டெலிபோன் பூத்திலிருந்து பிரியம்வதாவைக் கூப்பிட்டு, "உன் தாள் பொய் சொல்லலைம்மா. சந்தோட அந்தக் கோடி வீட்டுத் தாள்களும் பொய் சொல்லலை. புகைபோக்கியை உசத்தினா புகை காணாமப் போகாது, இறங்கற இடம்தான் மாறும்னு கமிட்டியில சொல்லு. இப்போ ஆஸ்பத்திரிக்கு நேரா வந்துடு," என்றாள். மறுமுனையில் பிரியம்வதா அழுதது பூத்துக்கு வெளியே நின்ற இஸ்மாயிலுக்குக் கேட்டது. கேஸ் ஜெயித்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவன் பிரியாணி கேட்பான். இன்று கேட்கவில்லை. டாக்ஸி பிடிக்கப் போனான்.

அவன் திரும்பி வந்தபோது பாப்பா எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வித்யாலக்ஷ்மி அவளுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தாள். பொத்தானைத் துளை மாற்றிப் போட்டு, மறுபடி அவிழ்த்துப் போட்டாள்.

"அம்மா, பசிக்கறது," என்றாள் குழந்தை.

அவள் பசி என்று சொல்லி எத்தனை நாள் ஆயிற்றோ! வித்யாலக்ஷ்மி அப்படியே உறைந்தாள்.

"ரசஞ்சாதம் குடு."

இஸ்மாயில் சட்டென்று முன்னால் வந்து, குழந்தையைக் கம்பளியோடு வாரித் தூக்கிக்கொண்டான். ஐந்து வயதுப் பிள்ளை தலையணை கனம்கூட இல்லை.

"ரசம் எதுக்கு? மாமாவோட டாக்ஸியில வா. போற வழியில ரசகுல்லா வாங்கித் தரேன். பெரிய ரசகுல்லா."

பாப்பா அவன் தோளுக்கு மேலாகத் தன் அம்மாவையே பார்த்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, கோபமாகச் சொன்னாள். "வேண்டாம் போ. எனக்கு அம்மா ரசம்தான் வேணும்."

டாக்ஸியில் அவள் அம்மா மடியில் கிடந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் அதையே கேட்டு அழுதுகொண்டு வந்தாள். இன்றைக்கு இல்லைடி கண்ணா, இன்றைக்கு இல்லை என்று வித்யாலக்ஷ்மியும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். சகுந்தலா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். முன்சீட்டில், செய்தித்தாளில் சுற்றிய சொம்பை மடியில் வைத்துக்கொண்டு இஸ்மாயில் உட்கார்ந்திருந்தான்.